மறியலுக்குப் போனவன் மீண்டும் போவதேன்?

கொழும்பு மாநகரிலே பொரளைச் சந்தியை விட்டுப் பேஸ்லைன் வீதி வழியாகத் தெமட்டகொடைப் பக்கம் செல்வோர் நெடியதொரு மதிலைக் காணாது செல்ல இயலாது. 1841 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் எழுப்பிய வெலிக்கடைச் சிறைச்சாலையின் மதில் அது. அதன் அயலிலேயே மகசின் சிறைச்சாலையும், விளக்கமறியற் கைதிகளை அடைக்கும் சிறையும் உள்ளன. காலையில் விடுதலை பெற்று அவ்வாயில்களைக் கடந்து வெளியே வருவோர் சிலர். மாலையிலே புதுக்கடை நீதிமன்றங்களிலிருந்து வண்டிகளில் ஏற்றப்பட்டு உள்ளே செல்வோர் பலர். காலையில் வெளியே வந்த முகங்களுட் சில, சில மாதங்கள் கழிய, மாலை வண்டியிலே மீண்டும் காணப்படுகின்றன. இவ்வாறு நிகழ்வது ஏன் என்பதே இன்றைய கட்டுரையின் பொருள்.

வெலிக்கடை என்ற பெயரைக் கேட்டமாத்திரத்தே தமிழர் நெஞ்சில் எழுவது வேறொரு நினைவு என்பதை நாம் மறந்துவிடவில்லை. 1983 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், இரண்டு நாட்களில், அம்மதிலுக்குள்ளே 53 தமிழ்க் கைதிகள் படுகொலை செய்யப்பட்டனர். அது தனித்துச் சொல்லவேண்டிய வரலாறு. இங்கே நாம் பேசப் புகுந்தது, களவு, கைகலப்பு, போதைப்பொருள் முதலிய சாதாரண குற்றங்களுக்காகச் சிறை சென்று, மீண்டு, மறுபடியும் சிறை செல்வோரைப் பற்றியதாகும்.

“மறியலுக்குப் போய் வந்தவன்” என்றொரு சொற்றொடர் நம் வீடுகளிலே சர்வசாதாரணமாக வழங்குகின்றது. அச்சொற்றொடர் காதில் விழுந்ததும் வீட்டுக்காரர் கதவைத் தாழிடுகிறார். கடைக்காரர் கல்லாப்பெட்டியைப் பூட்டுகிறார். “நாய் வாலை நிமிர்த்த முடியுமா?” என்ற பழமொழியும் உடனே வந்துவிடும். இந்த அச்சத்தை முற்றாகப் பிழையென்று தள்ளுவதற்கில்லை. வெள்ளவத்தைக் குறுக்கு வீதியொன்றில் மாலை வேளையிலே கழுத்துச் சங்கிலியைப் பறிகொடுத்த தாய்க்கு, பறித்தவன் முன்னரும் அதே குற்றத்துக்காகச் சிறை சென்றவன் என்பது தெரியவரும்போது ஏற்படும் கோபம் நியாயமானதே. ஆயினும் கோபம் ஒரு கேள்விக்கு விடையாகாது. அவன் முதன்முறை சிறையிலிருந்து வெளிவந்த நாளுக்கும் அத்தாயின் கழுத்திலே கைவைத்த நாளுக்கும் இடையில் நிகழ்ந்தது என்ன? அந்த இடைக்காலத்தை ஆராய்ந்தால், அடுத்த தாயின் சங்கிலியைக் காக்கும் வழியும் புலப்படக்கூடும்.

“இவன் யார்?” என்ற கேள்வி

மீண்டும் மீண்டும் குற்றம் புரிவோரைப் பற்றிய கவலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய நகரங்கள் பெருகியபோது, பிடிபட்டவன் தன் பெயரை மாற்றிச் சொல்லிப் புதியவன்போல் நடிப்பது அரசாங்கங்களுக்குப் பெருந் தலைவலியாயிற்று. பாரிஸ் நகரப் பொலிஸ் பகுதியிலே எழுதுவினைஞராயிருந்த அல்போன்ஸ் பெர்த்தியோன் என்பவர், தலையின் நீளம், கையின் நீளம், பாதத்தின் அளவு முதலியவற்றைக் குறித்துவைத்து, பழைய குற்றவாளியை அடையாளங் காணும் முறையை 1880களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1885 ஆம் ஆண்டில் பிரான்சு தேசம் ஒரு சட்டம் இயற்றி, பலமுறை தண்டனை பெற்றோரைத் தென்னமெரிக்காவிலுள்ள கயானா போன்ற தொலைதூரக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பிவிட்டது.

பெர்த்தியோனின் அளவுகோலை வென்றது கைவிரல் அடையாளமாகும். 1897 ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் கைவிரல் அடையாளப் பணியகம் தோன்றியது. அம்முறையை வகுத்த பெருமை எட்வர்ட் ஹென்றி என்ற ஆங்கில அதிகாரியின் பெயருக்குப் போயிற்று. அதற்கான கணக்கையும் வகைப்பாட்டையும் செய்ய உழைத்த அஸீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்தியர்களை உலகம் பிற்காலத்திலேதான் அறிந்துகொண்டது.

இலங்கையும் இதே பாதையிற் சென்றது. சிறைச்சாலைகளுக்கான கட்டளைச்சட்டம் 1877 இல் வந்தது. 1926 ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புக் கட்டளைச்சட்டம், குற்றவாளிகளைப் பதிவு செய்வதற்கும், மீளவும் தண்டனை பெற்றோரைப் பொலிஸாரின் கண்காணிப்பில் வைப்பதற்கும் வழிவகுத்தது. பத்திரிகைகளில் “ஐ.ஆர்.சி.” என்ற மூன்றெழுத்துக்களை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். பலமுறை குற்றத்தீர்ப்புப் பெற்று, தீவு முழுவதற்குமான பதிவேட்டில் ஏறியவனையே பொலிஸார் அவ்வாறு சுட்டுகின்றனர்.

இவையாவும் வேண்டியனவே. நீதிபதி ஒருவர் தீர்ப்பளிக்குமுன் எதிரியின் பழைய வரலாற்றை அறிந்துகொள்ளல் முறையாகும். ஆனால் இந்தச் சாதனங்கள் அனைத்தும் “இவன் யார்?” என்ற ஒரு கேள்விக்கே விடை தருவன. “இவன் ஏன் திரும்பி வந்தான்?” என்ற மற்றக் கேள்விக்கு விரலடையாளத்திலே விடையில்லை. அக்கேள்விக்காகச் செலவிடப்பட்ட பணமும் சிந்தனையும் மிகச் சொற்பம்.

கணக்கும் கண்மயக்கமும்

சிறைக் கைதிகளுட் பலர் பழைய குற்றவாளிகளே என்று பேசிக்கொள்கிறோம். மாணவர்கள் இவ்விடத்திற் சற்று நின்று சிந்தித்தல் நன்று. இதிலே நுட்பமான கணக்கொன்று மறைந்துள்ளது.

பத்துப் பேர் சிறை சென்றார்கள் என வைத்துக்கொள்வோம். அவர்களுள் எட்டுப் பேர் ஒரேயொரு முறை சென்று, விடுதலை பெற்று, பின்னர் அப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மற்றை இருவர் மட்டும் பத்தாண்டுகளில் ஐந்தைந்து முறை சென்றனர். சிறைவாயிற் பதிவேட்டிலே மொத்தம் 18 வருகைகள் எழுதப்பட்டிருக்கும். அவற்றுள் 8 வருகைகள் பழையவர்களுடையவை. ஏட்டைப் பார்ப்பவர், “வருவோரிற் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பழைய கள்ளர்” என்பார். உண்மையிலே திரும்பி வந்தவர்கள் பத்துக்கு இருவர்தாம்!

சிறைக் காவலர் காண்பது திரும்பி வந்தவனை மட்டுமே. திருந்தி, கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ கூலிவேலை செய்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பவன் அவர் கண்ணிற் படான். அவனும் தன் பழைய கதையை ஊரறியச் சொல்லப்போவதில்லை. இதனாலே “ஒருமுறை கள்ளன் என்றுங் கள்ளன்” என்ற எண்ணம் பலருக்கும் வலுப்பெற்று விடுகின்றது.

நமது சிறைச்சாலைத் திணைக்களத்தின் ஆண்டுப் புள்ளிவிபரங்கள், தண்டனை பெற்று வருவோரை முதன்முறை வந்தோர், மறுமுறை வந்தோர், பன்முறை வந்தோர் என மூன்றாகப் பிரித்துக் காட்டுகின்றன. இது வாயிலில் நின்று எண்ணுங் கணக்கு. இவ்வாண்டு விடுதலையான நூறு பேருள் மூன்றாண்டுகளில் எத்தனை பேர் திரும்பினர் என்று எண்ணுவது வேறொரு கணக்கு. திருந்தினோரையும் காட்டுவது இரண்டாவதே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வாறு எண்ணிப் பார்த்தனர். 2005 ஆம் ஆண்டில் 30 மாநிலங்களின் சிறைகளிலிருந்து விடுதலையானோரைத் தொடர்ந்து கவனித்தபோது, மூன்றாண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் மீண்டும் கைதாகியிருந்தனர். நோர்வே நாட்டிலோ, விடுதலையானோரில் இரண்டாண்டுகளுக்குள் மீண்டும் தண்டனை பெறுவோர் ஐந்திலொரு பங்கினர் அளவினர் எனக் கூறப்படுகின்றது. முன்னையது கைதாவதையும் பின்னையது தண்டனை பெறுவதையும் எண்ணுவதால், இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிடுவது பிழையாகும். இருப்பினும் ஒன்று தெளிவு: திரும்பி வருதல் எல்லா நாடுகளிலும் ஒரேயளவாய் அமைந்த இயற்கை விதியன்று. மனிதர் செய்யும் ஏற்பாடுகளுக்கேற்ப அது கூடும், குறையும்.

பிறவிக் குற்றவாளி என்ற பேதைமை

குற்றம் புரிவோர் பிறப்பிலேயே அவ்வாறு அமைந்தவர்கள் என்றொரு கொள்கையை இத்தாலிய வைத்தியர் சேசாரே லொம்புறோசோ 1876 இல் வெளியிட்டார். தாடையின் அமைப்பையும் காதின் வடிவையும் கொண்டு குற்றவாளியை இனங்காணலாம் என்பது அவர் கருத்து. ஆங்கில வைத்தியர் சார்ள்ஸ் கோறிங், ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து பார்த்து, அப்படியான தனிச் சாதி மனிதர் இல்லையென 1913 இல் நிறுவினார்.

விஞ்ஞானம் கைவிட்ட இக்கொள்கையைச் சட்டம் எளிதிற் கைவிடவில்லை. இந்தியாவிலே ஆங்கில அரசு 1871 இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911 ஆம் ஆண்டின் சட்டத்தால் அது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. குறிப்பிட்ட சில சமூகத்தாரை, அவரவர் செய்த குற்றத்தைப் பாராது, பிறந்த குலத்தையே குற்றமாக எண்ணிப் பதிவு செய்தனர். மதுரைச் சீமையிலே பெருங்காமநல்லூர் மக்கள் இக்கைரேகைப் பதிவை எதிர்த்தபோது, 1920 ஏப்பிரல் 3 ஆந் திகதி பொலிஸார் சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணம் 1947 இல் அச்சட்டத்தை நீக்கிற்று. இந்தியா முழுவதிலும் 1952 இல் அது நீங்கியது. ஆனால் அதனிடத்தில் “வழக்கமான குற்றவாளிகள்” பற்றிய சட்டங்கள் முளைத்தன. பெயர் மாறினும் பழைய நிழல் சிறைக் கையேடுகளிலே நெடுங்காலம் படிந்திருந்தமையால், 2024 ஒக்டோபரில் இந்திய உயர்நீதிமன்றம் தலையிட்டு, சாதியடிப்படையிற் கைதிகளைப் பிரிக்கும் விதிகளைச் செல்லாதனவாக்கிற்று.

இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடம் யாது? “இவன் இப்படித்தான்” என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டால், அவன் வேறுவிதமாய் வாழும் வழிகளை நாமே அடைத்துவிடுகின்றோம்.

கொட்டாஞ்சேனையில் ஓர் இளைஞன்

விளக்கத்தின்பொருட்டு இளைஞன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். அவன் கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமுள்ள வீட்டில் வசிப்பவன். வயது 19. தந்தை இல்லை. புறக்கோட்டையிலே மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை. நண்பரோடு கூடியிருந்த இடத்தில் சிறிதளவு கஞ்சாவுடன் பிடிபடுகிறான்.

நீதவான் பிணை வழங்குகிறார். பிணையாளியாக நிற்க ஆளில்லை. ஆதலால் விளக்கமறியல். நம் நாட்டுச் சிறைகளிலே ஆண்டுதோறும் தண்டனை பெற்று வருவோரைவிட, வழக்கு முடியுமுன் விளக்கமறியலுக்கு வருவோரே பன்மடங்கினர் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். சில வாரங்களின் பின் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். தண்டப்பணம் விதிக்கப்படுகிறது. அதைக் கட்டத் தாயிடம் பணமில்லை. அதற்கு ஈடாகச் சிறைவாசம். தண்டனைக் கைதிகளுட் பெருந்தொகையினர் தண்டப்பணம் கட்ட இயலாமையாலேயே சிறை புகுந்தவர்கள் என்பது, நெடுங்காலமாகத் திணைக்களத்தின் புள்ளிவிபரங்கள் காட்டி வரும் உண்மை. வெசாக் போன்ற தினங்களிலே சனாதிபதியின் மன்னிப்புப் பெற்று வெளிவருவோரிற் பலரும் இத்தகையோரே.

உள்ளே அவன் காண்பது என்ன? கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கிற்கும் மேற்பட்டோர் நெருக்கப்பட்ட சிறை. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 2020 இல் வெளியிட்ட சிறைச்சாலை ஆய்வு, கைதிகள் முறைவைத்து உறங்குவதையும் மலகூடத்தருகே படுப்பதையும் எடுத்துரைத்தது. 2012 நவம்பரில் வெலிக்கடையில் மூண்ட கலவரத்தில் 27 பேரும், 2020 நவம்பரில் மகரச் சிறையில் 11 பேரும் உயிரிழந்தமை இந்நெருக்கடி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டிற்று. அண்மைய ஆண்டுகளிலே போதைப்பொருட் குற்றங்களுக்காக வருவோரே மிகுதி. ஆகவே நம் இளைஞனின் பாய்க்கு ஒருபுறம் ஹெரோயினுக்கு அடிமையானவன். மறுபுறம் அதனை விற்றவன். கொட்டாஞ்சேனையில் அவன் அறிந்திராத பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் அங்கே அவனுக்குக் கிடைக்கின்றன.

விடுதலையாகும் நாளும் வருகிறது. மறுநாட்காலை பழைய முதலாளியிடம் செல்கிறான்.

“முதலாளி, நாளைக்கு வரட்டுமா?”

“தம்பி, உம்மட இடத்துக்கு வேற ஆள் வந்திட்டுது. குறை நினையாதையும்.”

முதலாளி கெட்டவரல்லர். பொருள் காணாமற்போனால் யார் பதில் சொல்வது என்பது அவருடைய கவலை. வெளிநாட்டு வேலைக்குப் போகலாமென்றால் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கிறார்கள். தங்கை கல்யாணப் பேச்சுக்குத் தடையாகும் என்று மாமன், “கொஞ்ச நாளைக்கு வேறெங்கேயாவது இரு மருமகன்” என்கிறார். அந்த வாரத்திலே அவனை இன்முகத்துடன் வரவேற்று, சாப்பாடும் வாங்கிக்கொடுத்து, “ஒரு சின்ன வேலை இருக்கிறது” என்று சொல்பவன் ஒருவனே. அவன் மறியலிற் பழக்கமானவன்.

இவனுடைய இரண்டாவது குற்றத்துக்கு இவனே பொறுப்பாளி. அதை மறுப்பதற்கில்லை. அவனைப்போல் வறுமையிலும் தனிமையிலும் நேர்மை தவறாதோர் ஆயிரம் பேர் அதே தோட்டத்தில் வாழ்கின்றனர். ஆயினும் விடுதலையான முதற் சில வாரங்களில், நேர்வழிக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட, ஒரு கதவு மட்டும் விரியத் திறந்திருந்தது என்பதும் உண்மையே.

திருந்தினோர் திருந்தியது எவ்வாறு?

இனி, மறுபக்கத்தையும் பார்ப்போம். அமெரிக்காவிலே மார்வின் வுல்ப்காங் என்ற ஆராய்ச்சியாளர், 1945 இற் பிறந்து பிலடெல்பியா நகரில் வளர்ந்த 9,945 சிறுவரின் வரலாற்றை ஆராய்ந்து, 1972 இல் முடிவை வெளியிட்டார். அவர்களுள் 627 பேர் மட்டுமே திரும்பத் திரும்பக் குற்றம் புரிந்தவர்கள். நூற்றுக்கு ஆறு பேரான இவர்களே எல்லாக் குற்றங்களிலும் பாதிக்கு மேல் இழைத்திருந்தனர். தவறிய சிறுவருட் பெரும்பாலோர் ஓரிரு முறை தவறியபின் விலகிக்கொண்டனர்.

பொஸ்டன் நகரிலே ஷெல்டன் குளூக், எலினோர் குளூக் என்ற தம்பதியர் சீர்திருத்தப் பள்ளிகளிலிருந்த 500 சிறுவரைப் பற்றித் திரட்டிய குறிப்புகளை, பிற்காலத்தில் சாம்ப்சன், லோப் என்ற இருவர் கண்டெடுத்து, அச்சிறுவர்கள் 70 வயதுக் கிழவராகும்வரை நிகழ்ந்தவற்றைத் தேடி அறிந்தனர். இளமையில் மிகக் கெட்டவர் எனப்பட்டோருட் பலரும் வயதேற ஏறக் குற்றத்தைக் கைவிட்டிருந்தனர். அவர்களின் வாழ்வைத் திருப்பியவை யாவை? நிலையான தொழில், அன்புள்ள மனைவி, பழைய கூட்டத்தினின்று பிரித்துவைத்த புதிய சூழல் என்பனவே. நம் பாட்டிமார், “ஒரு கால்கட்டைப் போட்டால் சரியாகிவிடுவான்” என்பதில் ஓரளவு உண்மை உண்டு போலும்! ஆனால், திருத்துவதற்காகவென்று ஒரு பெண்ணின் வாழ்வைப் பணயம் வைத்தல் தகாது என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

நமக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூரைப் பாருங்கள். 1998 இல் விடுதலையானோருள் இரண்டாண்டுகளுக்குள் திரும்பியோர் நூற்றுக்கு 44 பேர் அளவினர். அந்நாட்டுச் சிறைத்துறை, தொழில் தருவோரையும் சமூக நிறுவனங்களையும் ஒன்றுசேர்த்தது; 2004 இல் மஞ்சள் நாடா இயக்கம் என்ற பெயரில், சிறை மீண்டோரை ஏற்குமாறு பொதுமக்களை வேண்டும் முயற்சி தொடங்கியது. அண்மைய ஆண்டுகளில் அத்தொகை நாலிலொரு பங்கிற்குங் கீழே வந்துவிட்டது. சிங்கப்பூர் சட்டத்தைத் தளர்த்திய நாடன்று. தண்டனையிற் கடுமை காட்டும் நாடு. கடுமையான நாடே, விடுதலைக்குப் பிந்திய நாட்களைக் கவனிப்பது இலாபமெனக் கண்டிருப்பது சிந்திக்கத்தக்கது. பிரித்தானியாவிலோ, குறிப்பிட்ட காலம் குற்றமின்றி வாழ்ந்தவனது பழைய சிறு தண்டனைகளைப் பொதுவாகத் தொழிலுக்காக வெளியிட வேண்டாம் என்று 1974 இலேயே சட்டம் செய்தனர்.

நம்மிடம் உள்ள கருவிகள்

நம் நாட்டிலே கருவிகள் இல்லாமலில்லை. இளங் குற்றவாளிகளைப் பயிற்சிப் பாடசாலைகளுக்கு அனுப்பும் சட்டமும், சிறுவரைத் தனி முறையில் விசாரிக்கும் சட்டமும் 1939 இலேயே வந்துவிட்டன. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உத்தியோகத்தரின் கண்காணிப்பில் விடும் கட்டளைச்சட்டம் 1944 இல் வந்தது. 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சிறு குற்றத்துக்குச் சிறைக்குப் பதிலாகப் பொதுநல வேலை செய்யும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். சிறைத்தண்டனையை ஒத்திவைக்கும் அதிகாரமும் நீதிபதிக்கு உண்டு. பல்லேகல, அநுராதபுரம், வீரவில முதலிய இடங்களிலே மதிலின்றி விவசாயஞ் செய்யும் திறந்தவெளி முகாம்கள் ஏற்பட்டன. 1978 இல் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வழக்கறிஞரை அமர்த்த இயலாத ஏழைகளுக்கு உதவுகிறது. போதைப்பொருளுக்கு அடிமையானோரைச் சிகிச்சைக்கு அனுப்பும் சட்டம் 2007 இல் இயற்றப்பட்டது.

இவற்றைப் பற்றி நம் குடும்பங்களிற் பேசுவோர் எத்தனை பேர்? பிள்ளையொருவன் வழக்கில் அகப்பட்டால், வெட்கத்தினால் வாய்மூடி, “போய் அனுபவிக்கட்டும்” என்று விட்டுவிடும் பெற்றோரும் உளர். பிணைக்கு ஆளின்றி அவன் உள்ளே கழிக்கும் ஒவ்வொரு வாரமும் அவனுக்குப் புதிய சிநேகிதரைச் சேர்த்துக்கொடுக்கிறது என்பதை அவர்கள் உணர்வதில்லை. முதற் குற்றமாயின் நன்னடத்தைக் கட்டளைக்கோ பொதுநல வேலைக்கோ இடமுண்டா, தண்டப்பணத்தைத் தவணையிற் கட்ட அனுமதி கேட்கலாமா என்பவற்றைச் சட்டம் அறிந்தவரிடம் விசாரித்தறிதல் குடும்பத்தின் கடமை. இது குற்றத்தை மூடிமறைப்பதாகாது. இரண்டாங் குற்றத்தைத் தடுப்பதாகும்.

மறியலில் உள்ளவனைப் பார்க்கச் செல்வதும் அத்தகையதே. மாதமொருமுறை தாயோ சகோதரனோ போய்க் கண்டு வந்தால், திரும்பி வர ஒரு வீடு உண்டென்ற எண்ணம் அவன் மனத்தில் அணையாமலிருக்கும். போதைப்பழக்கம் உடையவனாயின், விடுதலைக்குமுன்னரே சிகிச்சைக்கு வழிதேடல் வேண்டும். சிறைவாசம் அப்பழக்கத்துக்கு மருந்தாவதில்லை.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கல்லாப்பெட்டியை ஒப்படைக்கும்படி யாரும் கேட்கவில்லை. பாரம் ஏற்றுதல், மரவேலை, பேக்கரி, அச்சகம் எனப் பணங் கையாளாத வேலைகள் எத்தனையோ உள. சிறையிலே தச்சுவேலையும் தையலும் பழகி வருவோர் உண்டு. மூன்று மாத காலம் கண்காணிப்போடு ஒருவனுக்கு வேலை கொடுத்துப் பார்ப்பதால் ஏற்படக்கூடிய நட்டம் சிறிது. அவன் நிலைத்துவிட்டால் ஊருக்கு வரும் நன்மையோ பெரிது.

அறக்கோட்டமான சிறைக்கோட்டம்

தமிழ் மாணவர்கள் மணிமேகலைக் காப்பியத்தைப் பயின்றிருப்பர். அதிலே “சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை” என்றொரு பகுதி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்குள்ளே சென்று, பசித்திருந்தோர்க்கு அமுதசுரபியால் உணவளித்த மணிமேகலையை நோக்கி, வேண்டுவது யாதென அரசன் வினாவுகிறான். அவள் பொன்னையோ மணியையோ கேட்கவில்லை. அச்சிறையை அறச்சாலையாக மாற்றித்தருமாறு வேண்டுகிறாள்; அரசனும் இசைகின்றான். நம் மொழியின் பழங் காப்பியமொன்று, சிறையைப் பற்றி இத்தகைய கனவைக் கண்டிருப்பது நமக்குப் பெருமையே.

பௌத்த நூல்கள் கூறும் அங்குலிமாலனின் கதையும் இந்நாட்டார் அறிந்தது. கொள்ளையனாயிருந்து துறவியான அவன் ஊருக்குட் பிச்சைக்குச் சென்றபோது, கல்லும் கோலும் பட்டுத் தலையுடைந்து திரும்பினான் என்பர். அவன் மாறியது ஒரு கணத்தில்; ஊர் அவனை ஏற்கவோ நாட் சென்றது. அந்த இடைவெளியில் அவனைத் தாங்கிக்கொள்ள ஓர் ஆசிரியரும் ஒரு சங்கமும் இருந்தன. இன்று பேஸ்லைன் வீதியில் விடுதலை பெற்று நிற்பவனுக்கு அத்தகைய துணை இல்லை.

காப்பியக் காலத்துக் கனவு முழுவதையும் இன்றே நனவாக்க நம்மால் இயலாது. மேற்சொன்ன கருவிகளைக் கையாளுதல் இயலும். வாசலைக் கடந்து வெளியே வருபவனுக்கு முதல் மூன்று மாதங்களில் ஒரு வேலையும், படுக்க ஓரிடமும், பெயர் சொல்லி அழைக்கும் ஒரு மனிதரும் கிடைக்கச் செய்தலும் இயலும். விடுதலையாகும் நாளை முன்கூட்டியே அறிந்து, அன்று காலை அவ்வாயிலில் யாராவது ஒருவர் காத்துநிற்பதிலிருந்து இப்பணி தொடங்கலாம்.